மிதப்பதும் முங்குவதும்: கடற்புல் படுகைகளில் தங்கும் குப்பை

மும்பை தாராவியின் தேரா கம்பவுண்ட் பகுதியில் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறைகள் பலவற்றில் ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். குடிநீர் பாட்டில்களை மூடியோடு சேர்த்து அரைத்து, வந்த துண்டுகளை அந்தத் தொட்டியில் கொட்டிக் கிளறினால், மூடியின் துண்டுகள் மேலே வந்து மிதக்கும்; பாட்டிலின் துண்டுகள் அடியில் படியும். மேலே உள்ளதை வலையரிப்பால் அள்ளிவிட்டால் இரண்டு சரக்கும் தனித்தனியாகிவிடும். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகப் பங்கார் தொழில், அதாவது பழைய பொருள் வாங்கி விற்கும் தொழில், செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "மூடி மிதக்கும், பாட்டில் முங்கும், அவ்வளவுதான் படிப்பு" என்றார். கடலில் விழும் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கும் முதல் விடை அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

மூடிகளும் மளிகைப் பைகளும் செய்யப்படும் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை. பாட்டிலுக்குரிய பெட், வலைக்குரிய நைலான், குழாய்க்குரிய பிவிசி ஆகியவை கடல்நீரைவிடக் கனமானவை. ஆகவே நைலான் வலை அறுந்தால் அடியில் போய்க் கிடக்கிறது; பை மட்டும் மிதக்கிறது. ஆனால் மிதப்பதும் நெடுநாள் மிதப்பதில்லை. சில வாரங்களில் அதன்மேல் நுண்ணுயிர்ப் படலம் படர்கிறது, பிறகு பாசியும் சிப்பிக் குஞ்சும் கொட்டலசும் ஒட்டிக்கொள்கின்றன, எடை கூடி அதுவும் மெல்ல இறங்குகிறது. கடற்கரையில் நாம் பார்த்து முகம் சுளிக்கும் குப்பை, கடலுக்குள் சென்ற மொத்தத்தில் திரும்பி வந்த சிறு பங்கு மட்டுமே. மற்றதன் கணிசமான பகுதி அடித்தரைக்குப் போகிறது. அடித்தரையிலும் அது எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படிவதில்லை. அலையும் நீரோட்டமும் தணியும் இடம் எதுவோ அங்கே கூடுதலாகத் தங்குகிறது. ஆழம் குறைந்த கரையோரக் கடலில் அப்படி நீரோட்டத்தைத் தணிக்கும் முதன்மையான உயிரினம் கடற்புல்.

கடற்புல்லைக் கடற்பாசியோடு குழப்பிக்கொள்வது வழக்கம். இராமேசுவரம் பகுதிப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிக்கு உண்மையான வேரோ பூவோ கிடையாது. கடற்புல்லோ நிலத்துச் செடியைப் போலவே வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் கொண்ட பூக்கும் தாவரம். நிலத்தில் தோன்றிய தாவர மரபு ஒன்று பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பியதன் வழித்தோன்றல். பாக் விரிகுடாக் கரையில் தாழை என்று சொல்வதும் உண்டு. "அருகுபோல் வேரோடி" என்று நாம் வாழ்த்தும்போது எதை நினைக்கிறோமோ அதே வளர்ச்சி முறைதான் இதற்கும்: மண்ணுக்கு அடியில் தண்டு கிடையாக ஓடும், கணுவுக்குக் கணு வேர் இறங்கும், மேலே இலைக்கொத்து எழும்பும். ஒரு படுகையில் ஆயிரம் செடிகளாகத் தெரிவது உண்மையில் ஒரே செடியின் நீட்சியாக இருக்கலாம். உலகில் சுமார் 60 முதல் 70 வரையான இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வளர்கின்றன. மண்டபம், தொண்டி, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் எனத் தமிழ்க்கரை நெடுகிலும் படகில் போகிறவர்கள், நீர் தெளிந்த காலத்தில் அடியில் கரும்பச்சைத் திட்டுகளாக இதைப் பார்த்திருப்பார்கள்.

மும்பையில் அப்படிப் பார்க்க முடியாது. இங்கே ஓதம் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கழிமுகங்களிலிருந்து வரும் சேறு நீரை எப்போதும் கலக்கியே வைத்திருக்கிறது. கடற்புல் படுகைக்கு வேண்டிய ஒளி அடித்தரையை எட்டுவதில்லை. ஆனால் கடற்புல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காண விரும்புகிற மும்பைத் தமிழர் அதற்காக ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. மாஹிம் கழிமுகத்தின் ஓரத்திலோ சிவ்ரியிலோ ஓதம் வடியும் நேரத்தில் அலையாத்தி மரங்களைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு மூச்சுவேரிலும் ஒரு பை சுற்றியிருக்கும்; கிளைகளில் துணிக்கிழிசலும் கயிறும் தொங்கும். நீர் ஏறும்போது குப்பையோடு வருகிறது, வடியும்போது குப்பையை மரத்திடம் விட்டுவிட்டுப் போகிறது. கடற்புல் படுகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நீர் வடிந்து அதைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

படுகையின் மேல் நீர் பாயும்போது இலைகள் வளைந்து அதன் வேகத்தை உறிஞ்சுகின்றன. இலைக்கூட்டத்துக்குள் நுழைந்த நீர் வேகம் இழக்க, அது சுமந்து வந்த மண் துகள், இறந்த உயிர்களின் எச்சம் எல்லாம் கீழே படிகின்றன. படிந்ததை அலை மறுபடி கிளப்பாதபடி வேர்ப்பின்னல் பிடித்துக்கொள்கிறது. கடற்புல்லை இன்று உலகம் கொண்டாடுவதற்கான காரணமே இந்தக் குணம்தான். கடல் பரப்பில் சுமார் 0.1 விழுக்காட்டையே மூடியிருக்கும் இப்படுகைகள், கடல் ஆண்டுதோறும் மண்ணில் புதைக்கும் கரிமத்தில் 10 முதல் 18 விழுக்காடு வரை புதைப்பதாக மதிப்பிடுகிறார்கள். மார்ச் 1-ஆம் நாளை உலகக் கடற்புல் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2022-இல் அறிவித்ததிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் கரிமத்தைப் பிடிக்கும் கை பிளாஸ்டிக்கையும் பிடிக்கிறது. இலைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கடற்புல் காப்பு பற்றிய பேச்சுகளில் முதல் பாதி விரிவாகச் சொல்லப்படுவதையும் இரண்டாம் பாதி விடுபட்டுப்போவதையும் நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

பிடிப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று இலையின் மேல். கடற்புல் இலை வெறுமையாக இருப்பதில்லை; பாக்டீரியாவும் நுண்பாசியும் சிறு விலங்குகளும் சேர்ந்த ஒரு வழவழப்பான பூச்சு அதன்மேல் இருக்கும். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்பிளாஸ்டிக், குறிப்பாகத் துணியிலிருந்தும் கயிற்றிலிருந்தும் உதிரும் இழை, அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் பாசி அதை மூடி வளர்ந்துவிடுகிறது. நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுப் பவளத்தீவுத் தொகுதி ஒன்றில் ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, எடுத்துப் பார்த்த இலைகளில் 75 விழுக்காட்டில் நுண்பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததாகச் சொன்னது. பெருநகர் ஏதும் அருகில் இல்லாத கடல் அது.

மற்றொன்று மண். ஸ்பெயினின் அல்மேரியா கரையோரத்தில் கடற்புல் படுகைகளின் மண்ணைக் குழாய் செருகி அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தவர்கள், 1970-களின் நடுப்பகுதிக்குப் பிந்திய அடுக்குகளில் பிளாஸ்டிக் தோன்றி ஏறிக்கொண்டே போவதைக் கண்டார்கள். அக்கரையில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில் வேளாண்மை பெருகிய காலமும் அதுவே. நிலத்தில் என்ன தொழில் நடந்தது என்பதை ஊர்க் கணக்குப்பிள்ளையின் பேரேடு போலக் கடற்புல் மண் எழுதி வைத்திருக்கிறது. வெயில் படாத, உயிர்வளி குறைந்த அந்த மண்ணில் பிளாஸ்டிக் சிதைவதும் மிக மெதுவாகவே நடக்கும்.

மத்தியதரைக் கடலின் மயோர்க்கா தீவில் பார்சிலோனா பல்கலைக்கழகத்தினர் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. அக்கடலின் பொசிடோனியா என்ற கடற்புல் இனம் உதிர்க்கும் நார்கள் அடித்தரையில் உருண்டு உருண்டு தேங்காய்மட்டை நாரைத் திரட்டியது போன்ற பந்துகளாகி, புயற்காலத்தில் கரையில் ஒதுங்கும். ஒதுங்கிய பந்துகளில் 17 விழுக்காட்டில் பிளாஸ்டிக் இருந்தது. இருந்தவற்றில் ஒரு கிலோ நாருக்கு ஏறத்தாழ 1,500 துண்டுகள் வரை பின்னிக்கிடந்தன. கடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது என்று செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அந்தக் கொண்டாட்டத்தை ஏற்க எனக்குத் தயக்கம். கரையில் ஒதுங்கியதை யாரேனும் அள்ளாவிட்டால் அடுத்த அலை அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். மேலும் நம் கடலில் வளரும் இனங்கள் அப்படிப் பந்து திரட்டும் இனமும் அல்ல.

இனி, தங்கிய குப்பை புல்லுக்கு என்ன செய்கிறது என்பது. கடலில் மிதக்கும் நுண்பாசி, மேற்பரப்பில் விழும் ஒளியில் ஒரு விழுக்காடு கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். கடற்புல்லுக்குச் சராசரியாகப் பதினொரு விழுக்காடு வேண்டும். வேரையும் மண்ணடித் தண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் அதற்குச் செலவு அதிகம். இலைமேல் ஒரு பை போர்த்திக் கிடந்தால் அந்த இடத்துக்கு ஒளி குறைகிறது என்பது எளிதில் புரியும். அதைவிடக் கெடுதல் மண்ணில் நடக்கிறது. கடலடிச் சேறு உயிர்வளி அற்றது. அதில் அழுகிய முட்டை நாற்றமுடைய சல்பைடு உருவாகிக்கொண்டே இருக்கும், அது வேருக்கு நஞ்சு. கடற்புல் பகலில் ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் உயிர்வளியைத் தண்டின் உட்குழல்கள் வழியே வேருக்கு அனுப்பி, வேரைச் சுற்றி மெல்லிய காப்பு வளையம் ஒன்றை வைத்துக்கொள்கிறது. மேலே ஒளி குறைந்தால் உயிர்வளியும் குறைகிறது; மண்மேல் தாள் மூடினால் நீரிலிருந்து மண்ணுக்குச் சிறிதளவு இறங்கும் உயிர்வளியும் நிற்கிறது; சல்பைடு வேருக்குள் நுழைகிறது. ஒரு திட்டு பட்டுப்போனால் அங்கே மண் பிடிப்பு இழந்து கலங்குகிறது, கலங்கிய நீர் பக்கத்துப் புல்லின் ஒளியைக் குறைக்கிறது. ஒரு பையின் பரப்பு சிறிதுதான், ஆனால் அது திறந்துவிடும் ஓட்டை பையோடு நிற்பதில்லை.

மக்கும் பை என்று அச்சிட்டு விற்பவற்றைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தினர் அத்தகைய பைகளைக் கடற்புல் வளரும் மணலில் வைத்துப் பார்த்தபோது, ஆறு மாதம் கழித்தும் அவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. அவற்றின் அருகில் இருந்த செடிகளின் வளர்ச்சிப் போக்கு மாறியது. அருகருகே வளரும் இரண்டு இனங்களுக்கு இடையிலான போட்டியும் ஒரு பக்கம் சாய்ந்தது. மக்கும் என்ற சொல் எந்த வெப்பநிலையில், எந்த மண்ணில், எத்தனை நாளில் என்ற மூன்று கேள்விகளோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டியது.

பாக் விரிகுடாவில் பையைவிட வலைதான் பெரிய தொல்லை என்பது என் கருத்து. நீல நீச்சல் நண்டு கடற்புல் படுகையில் வாழ்வதால் நண்டு வலையும் அங்கேயே போடப்படுகிறது. தங்கூசி வலை எனப்படும் ஒற்றை இழை நைலான் வலை மலிவானது, மெல்லியது. நண்டைக் கழற்றும்போதே கிழியும். கிழிந்ததைப் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது சிக்கனம் என்று ஆகிவிட்டால் பழையது கரையிலோ கடலிலோ விடப்படுகிறது. கடலில் விட்டுப்போன வலை யாருக்காகவும் இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் சிக்கி இறந்ததைத் தின்ன வருவதும் சிக்கும். நீரோட்டத்தில் அசையும் ஒவ்வொரு முறையும் இலைகளை அறுத்துக்கொண்டு நகரும். விசைப்படகு அடித்தரையோடு இழுத்துச் செல்லும் பைவலையான இழுவைமடி வேறு வகையில் கெடுக்கிறது. அது படுகையை உழுது வேரோடு பிடுங்குவதோடு, மண்ணுக்குள் அடங்கியிருந்த பழைய பிளாஸ்டிக்கையும் மேலே கொண்டுவருகிறது. மடியில் மீனோடு வந்த குப்பையைப் பிரித்து மறுபடி கடலிலேயே வீசுவது படகுக்காரரின் கெட்ட எண்ணத்தால் அல்ல. துறைமுகத்தில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது, தளத்தில் இடத்தை அடைக்கும் ஒன்றை அவர் எதற்காகச் சுமந்து வரவேண்டும்? கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் தொடங்கிய திட்டம் இந்தக் கேள்விக்குத்தான் விடை தந்தது: படகுக்குப் பை கொடுத்து, வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவரச் செய்து, அரைத்துச் சாலை போடத் தந்தார்கள்.

இப்படுகைகளை நம்பி வாழும் உயிர்களில் பெயர் பெற்றது கடற்பசு. நம் மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்னும் இவ்விலங்குக்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மண்ணோடு சேர்த்து மேயும் விலங்கு என்பதால் மண்ணில் இருப்பதும் அதன் வயிற்றுக்குள் போகும். பேராமை இலையை மட்டும் கடித்துத் தின்னும். இலையோடு இலையாக அசையும் கிழிந்த பையை அது பிரித்தறிவதில்லை. ஆனால் கரையில் ஒதுங்கிப் படமெடுக்கப்படும் இந்தப் பெரிய உயிர்களைவிட, இலைமேல் பூச்சைச் சுரண்டித் தின்னும் நத்தைகளும் ஓரா மீன்களும்தான் நுண்பிளாஸ்டிக் உணவுச் சங்கிலிக்குள் நுழையும் அன்றாட வாசல். ஓரா மீன் நம் குழம்புச் சட்டிக்கும் வருகிறது.

குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மும்பையில் எறிந்த பை பாக் விரிகுடாவுக்குப் போய்ச் சேர்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கடலுக்கும் அதனதன் ஊர்க் குப்பையே முதன்மை. உலக ஆறுகளிலிருந்து கடல் சேரும் பிளாஸ்டிக்கை மதிப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, அதில் 80 விழுக்காடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருவதாகவும், பெரிய ஆறுகளைவிட நகரங்களின் நடுவே ஓடும் சிற்றாறுகளே அதிகம் கொண்டுவருவதாகவும் காட்டியது. மும்பைக்கு வடக்கே கடல் சேரும் உல்லாஸ் ஆறு அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கலக்கும் மிட்டி ஆற்றைத் தாராவிவாசிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊர் மூழ்கியபோது வடிகால்களை அடைத்திருந்த பைகள்மேல் பழி விழுந்ததும், அதன்பின் மகாராட்டிரத்தில் பைகளுக்குத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மும்பைக் கடலாவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேரோதத்தின்போது மரைன் டிரைவ் சாலைமேல் குப்பையைத் திருப்பி எறிந்து முகத்தில் அறைகிறது. பாக் விரிகுடாவின் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே கடல் திருப்பித் தருவது குறைவு, புல்லில் தங்குவது அதிகம்.

அண்ணாச்சியின் பட்டறைக்குத் திரும்பினால், பாட்டிலும் மூடியும் பால் கவரும் அங்கே விலைபோகின்றன. விலைபோகாமல் மூலையில் குவிவது ஷாம்பு, பான் மசாலா, சிப்ஸ் உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் வேறு பிளாஸ்டிக்கும் ஒட்டிய பல அடுக்குத் தாள் என்பதால் அதை உருக்கிப் பயனில்லை. சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் முறையைப் பரவலாக்கிய பெருமை கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு உண்டு. முழு பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு எட்டியது அதனால்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பங்கார்க்காரர் குனிந்து எடுக்காத பொருள் எதுவோ அதுதான் வாய்க்காலுக்குப் போகிறது. உள்ளே மணல் புகுந்த உறை கடலில் மிதக்காமல் கரையோரப் புல்லிலேயே அமர்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடை உறிஞ்சுகுழலையும் கரண்டியையும் தடுத்தது. இந்த உறைகளைத் தொடவில்லை. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தும் விதிகள் அதே ஆண்டு பிப்ரவரியில் விரிவாக்கப்பட்டன. அவை எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்பதை ஒரு கிலோ உறைக்குப் பட்டறையில் என்ன விலை கிடைக்கிறது என்பதே காட்டிக்கொடுக்கும். நான் கேட்ட நாளில் விலை ஏதும் இல்லை.

கப்பல் விபத்துகள் தனி வகை. 2021-இல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஆயிரத்து அறுநூறு டன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் குருணை (பொருள் வார்க்க உருக்கும் சிறுமணி) கடலில் சிந்தியது. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. பயறளவேயான இவற்றை மணலிலிருந்து சலித்தெடுக்கலாம்; புல்லிலிருந்து முடியாது.

இந்த வேறுபாடுதான் தூய்மைப் பணியைப் பற்றி யோசிக்கும்போது முன்னிற்க வேண்டியது. மும்பையின் வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய குப்பை அகற்றும் பணி, பொதுமக்கள் கைகோத்தால் ஒரு கரை எவ்வளவு மாறும் என்பதை உலகுக்கே காட்டியது. ஆனால் மண்வாரியும் இயந்திரமும் கொண்டு மணலில் செய்ததைக் கடற்புல்லில் செய்ய முடியாது. அங்கே ஒவ்வொரு பொருளையும் மூச்சடக்கி மூழ்கிக் கையால் எடுக்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் பை, உறை, பாட்டில்களை எடுத்துவிடலாம். வலையை இழுக்கக்கூடாது, இழுத்தால் தண்டோடு பெயர்ந்து வரும் என்பதால் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். வேர் ஊடுருவிப் பல ஆண்டுகளாக மண்ணோடு ஒன்றிவிட்ட கயிற்றையும் டயரையும் அங்கேயே விட்டுவிடுவது மேல். எடுத்ததைக் கிலோவில் மட்டும் பதிவதும் போதாது. ஈரமும் பாசியும் ஏறிய ஒரு வலையின் எடை நூற்றுக்கணக்கான உறைகளின் எடையை மறைத்துவிடும். எந்த வகைப் பொருள் எத்தனை என்று எண்ணி, எத்தனை சதுர மீட்டரில் என்றும் சேர்த்து எழுதினால்தான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும்.

பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்வோரும் இருக்கிறார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவில் இப்பணியைச் செய்துவருகிறது. தஞ்சைக் கரையில் ஓம்கார் அறக்கட்டளையினர் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதில் தண்டுகளைப் பிணைத்து அடித்தரையில் பதிக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும் வரை கயிறு தாங்கினால் போதும். நைலான் கயிற்றில் கட்டியிருந்தால் அதை எடுப்பதற்கு இன்னொரு முறை மூழ்க வேண்டியிருக்கும்.